இருபத்தெட்டு மில்லிமீட்டர்

இருபத்தெட்டு மில்லிமீட்டர் என்றார் டாக்டர்.
விரலிடுக்கில் அளந்தும் காட்டினார்.
வேண்டியிருக்கவில்லை.
எங்கள் இருவருக்கும் அந்த அளவு தெரியும்:
குதிகாலிலிருந்து கண்வரை
ஒரு சிப்பாய்.

முப்பத்தொரு வருஷமாகப் பின்னறை மேசையில்
நைஜல் வளர்க்கும் படை.
பூனை வளர்த்திருந்தால் செலவு குறைவு.
டீ வைக்க மட்டுமே அந்த அறைக்குள் போவேன்.
ஒருமுறை தூரிகை கழுவிய தண்ணீரைக் குடித்துவிட்டு
"சர்க்கரை கம்மி, லோரெய்ன்" என்றவர்.

செவ்வாய்க்கிழமை தலையைத் திறந்தார்கள்.
ஷெஃபீல்டில் அன்று பனியும் இல்லை, மழையும் இல்லை.
இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று
டிராம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தது.
"வீட்டுக்குப் போங்கள், கூப்பிடுகிறோம்."

வீட்டில் எதைத் தொட்டாலும் சத்தம் பெரிதாக இருந்தது.
கெட்டில். சாவி. என் செருப்பு.
பின்னறை விளக்கைப் போட்டேன்.

ஒயின் தக்கைகளில் ஒட்டி நின்றார்கள் இருபது பேர்,
கறுப்பு ஸ்ப்ரேயில் முகமில்லாமல்.
எந்தப் போர், எந்தப் படைப்பிரிவு, கேட்டுக்கொண்டதில்லை.
சிவப்புக் கோட்டு என்பது மட்டும் தெரியும்.
பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்கு
தக்காளி சாஸ் கிண்டுகிற கை இது,
சிவப்பு எனக்குப் புதிதா?
புதிதுதான்.
கறுப்பின் மேல் சிவப்பு நிற்கவில்லை.
தண்ணீராகப் பூசு, காயவிடு, மறுபடியும் பூசு.
அவசரப்பட்டால் திரிந்துபோகிறது,
பால் மாதிரி.

பழுப்புக் கரைசல் ஒன்று வைத்திருந்தார்.
சாக்கடைத் தண்ணீர் போலத்தான் இருக்கிறது.
மேலே விட்டால்
தானாக மடிப்புகளுக்குள் ஓடி உட்கார்ந்துகொள்கிறது.
அதுவரை பொம்மையாக இருந்தது
திடீரென்று களைத்துப்போன ஒருவனாகிவிடுகிறது.

கண்தான் கஷ்டம்.
முதல் ஆள் திடுக்கிட்டு நின்றான்,
அடுத்தவன் குடித்திருந்தான்.
மூச்சை அடக்கினால்தான் கண் வருகிறது.
மூச்சை அடக்குகிற நேரத்தில்
வேறெதையும் நினைக்க முடிவதில்லை.
ஒரு கண்ணுக்கு ஐந்து விநாடி.
இருபது பேர், நாற்பது கண்,
மூன்று நிமிடம் இருபது விநாடி.
அந்த வாரம் முழுக்க எனக்குக் கிடைத்த விடுமுறை
அவ்வளவுதான்.

போன் அடித்தபோது பதினேழாவது ஆளில் இருந்தேன்.
எடுத்துவிட்டார்கள், தூங்குகிறார்,
என்ன ஜாதிக் கட்டி என்று தெரிய இரண்டு வாரம்.
பதினேழாவது ஆளுக்கு
நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு.

வியாழக்கிழமை
திடுக்கிட்டவனைக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக் கொண்டுபோனேன்.
வீங்காத கண்ணருகே பிடித்துத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நல்லா இருக்கு" என்றார்.

அவ்வளவுதானா?
பித்தான் எண்ணிக்கை தப்பு என்று
நாற்பது மைல் ஓட்டிப்போய்ப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்.
என் தங்கை கல்யாணத்தில்
பேண்டு வாத்தியக்காரனை நிறுத்தி
தோள்பட்டைச் சரிகையைப் பற்றிப் பேசியவர்.
நல்லா இருக்கு.
சமையல் தெரியாத விருந்தாளி சொல்வது போல.

டிராமில் அவனைக் கைக்குள் மூடிக்கொண்டே வந்தேன்.
எதை எடுத்தார்கள்,
எதையும் சேர்த்து எடுத்துவிட்டார்களா,
யாரிடம் கேட்பது இதை?
டாக்டரிடமா?
"என் கணவர் பாராட்டிவிட்டார், தயவுசெய்து பாருங்கள்" என்றா?

தூக்கம் வரவில்லை.
திடுக்கிட்டவனுக்கு அடித்த அதே பச்சையை
மீதிப் பத்தொன்பது கழுத்துப்பட்டைக்கும் அடித்தேன்.

நாலு மணிக்குப் போன் அதிர்ந்தது.

"கழுத்துப்பட்டை மஞ்சள்."

கொஞ்சம் கழித்து,

"அவனை மட்டும் அப்படியே விட்டுடு."

அந்த வார்டில் நாலு மணிக்கு
போனில் தேடிப் பார்த்திருக்கலாம்.
நான் கேட்கப் போவதில்லை.

மஞ்சள் டப்பாவின் மூடி
காய்ந்து இறுகிவிட்டிருக்கிறது.
முடிவு வர இன்னும் பதினொரு நாள்.
கெட்டில் வைத்திருக்கிறேன்.
டப்பாவை வெந்நீரில் போட்டு
மேசையில் இருக்கிறேன்,
இந்தத் தண்ணீரைக் குடித்துவிடக் கூடாது என்று
ஞாபகம் வைத்துக்கொண்டு.